ஒரே ஊரில் இரண்டு தேதி: போப்பின் நாட்காட்டியை புராட்டஸ்டன்ட்டுகள் ஏன் மறுத்தார்கள்?

1584 ஜூன் 4, திங்கட்கிழமை. தெற்கு ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரம். ஜூன் 4 என்பது அந்த ஊர்க் கத்தோலிக்கர் கணக்கு. சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்த லுத்தரன் (மார்ட்டின் லூதர் வழி வந்த புராட்டஸ்டன்ட்) குடும்பத்தைக் கேட்டால் இன்று மே 25 என்பார்கள். கிழமையில் இருவருக்கும் தகராறு இல்லை, இருவருக்கும் திங்கள்தான். தேதியில்தான் பத்து நாள் இடைவெளி.

அன்று நகர மன்றத்தின் ஆட்கள் லுத்தரன் தலைமைப் போதகர் கியோர்க் முல்லரைப் பிடித்து, ஒரு குதிரை வண்டியில் ஏற்றி, ஊருக்கு வெளியே கொண்டுபோய் விடப் பார்த்தார்கள். போப் கொண்டுவந்த புதிய நாட்காட்டியை ஏற்கக் கூடாது என்று அவர் பிரசங்க மேடையிலேயே பேசிவந்தார். பழைய கணக்குப்படி, இயேசு விண்ணுக்கு ஏறியதைக் கொண்டாடும் பரமேறுதல் திருநாளுக்கு இன்னும் மூன்றே நாள். கத்தோலிக்கர்களோ அந்தத் திருநாளை மூன்றரை வாரத்துக்கு முன்பே கொண்டாடி முடித்துவிட்டார்கள். போதகரை வண்டியில் கொண்டுபோகிறார்கள் என்ற செய்தி தெருத்தெருவாகப் பரவியது. ஜனம் ஓடிவந்து வண்டியை மறித்து, அவரை இறக்கிக் கூட்டிப்போய் ஒளித்துவைத்தது. அப்புறம் கூட்டம் கையில் ஆயுதத்தோடு நகர மன்றத்தின் முன்னால் திரண்டது. மற்ற போதகர்கள் நடுவில் போய் நின்று கெஞ்சிப் பேசி கூட்டத்தை அடக்கியிருக்காவிட்டால் அன்று ஆக்ஸ்பர்க்கில் ரத்த ஆறு ஓடியிருக்கும்.

ஒரு கணக்குப் பிழையைத் திருத்தியதற்கா இவ்வளவு என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. பதினாறாம் நூற்றாண்டின் மதச் சண்டை என்றால் பாவமன்னிப்புச் சீட்டு, அப்பமும் ரசமும், மாதா வணக்கம் என்று பெரிய விஷயங்களைத்தான் நாம் பேசுகிறோம். ஆனால் அந்தப் பிளவு அடுப்படி வரைக்கும், சந்தை வரைக்கும் எப்படி இறங்கியது என்று பார்க்க இந்த நாட்காட்டிச் சண்டையைவிட நல்ல ஜன்னல் கிடைக்காது என்பது என் எண்ணம்.

முதலில் கணக்கு. ஜூலியஸ் சீசர் காலத்து நாட்காட்டியில் ஓர் ஆண்டு 365 நாள் 6 மணி நேரம். அதனால்தான் நான்கு ஆண்டுக்கு ஒரு லீப் நாள். ஆனால் சூரியன் தன் பருவச் சுற்றை முடிக்க அதைவிடச் சுமார் 11 நிமிடம் குறைவாகத்தான் எடுக்கிறது. 11 நிமிடம் ஒரு மனுஷன் ஆயுளில் தெரியாது. 128 ஆண்டில் அது ஒரு முழு நாளாகச் சேர்ந்துவிடும். கி.பி. 325இல் நிசேயாவில் கூடிய திருச்சபைப் பொதுச்சங்கத்தின் காலத்தில் பகலும் இரவும் சமமாகும் வசந்த நாள் மார்ச் 21இல் விழுந்தது. ஈஸ்டரைக் கணக்கிட அந்தத் தேதிதான் அடிப்படை: மார்ச் 21 அல்லது அதற்குப் பின் வரும் முதல் பௌர்ணமி, அதற்கு அடுத்த ஞாயிறு. ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம் ஆண்டு கழிந்து பார்த்தால், வானத்தில் அந்தச் சமநாள் மார்ச் 11க்கு வந்து நிற்கிறது, ஏட்டில் மட்டும் இன்னும் மார்ச் 21. ஈஸ்டர் கோடையை நோக்கி மெதுவாக நழுவிக்கொண்டிருந்தது. ஈஸ்டர் நழுவினால் அதை ஒட்டிய தவக்காலம் (நம்மூர் புராட்டஸ்டன்ட் சபைகளில் லெந்து நாட்கள்), பரமேறுதல், பெந்தெகொஸ்தே எல்லாம் சேர்ந்து நழுவும்.

இந்தப் பிழை யாருக்கும் புதிதல்ல. நூற்றாண்டுகளாகவே படித்தவர்கள் சொல்லிவந்ததுதான். டிரென்ட் நகரில் 1545 முதல் 1563 வரை விட்டுவிட்டு நடந்த கத்தோலிக்கப் பொதுச்சங்கம் முடியும்போது, செப நூலையும் திருப்பலி நூலையும் திருத்தும் பொறுப்பைப் போப்பிடம் விட்டது. நாட்களைச் சரிசெய்யாமல் செப நூலைச் சரிசெய்ய முடியாது. 1572இல் பதவிக்கு வந்த பதின்மூன்றாம் கிரகோரி இதைக் கையில் எடுத்தார். தீர்வைக் கண்டவர் தெற்கு இத்தாலியின் கலாப்ரியாவைச் சேர்ந்த அலோய்சியஸ் லிலியஸ் என்ற மருத்துவர். தன் திட்டம் நிறைவேறுவதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை, 1576இல் இறந்துபோனார். அவருடைய சகோதரர் அந்தோனியோதான் கையெழுத்துப் படியை ரோமுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அதைச் சரிபார்த்து, பிற்பாடு உலகத்தோடு வாதாடிய ஆள் கிறிஸ்டோஃப் கிளாவியுஸ், ஜெர்மனியின் பாம்பெர்க்கில் பிறந்த இயேசு சபைக் கணித அறிஞர்.

தீர்வு எளிமையானது, அழகானது. நூறால் வகுபடும் ஆண்டு 400ஆலும் வகுபட்டால் மட்டுமே லீப் ஆண்டு. அதாவது 1600 லீப், 1700, 1800, 1900 மூன்றும் லீப் இல்லை, 2000 மறுபடியும் லீப். 400 ஆண்டில் மூன்று நாள் குறைந்துவிடும். ஏற்கெனவே சேர்ந்துவிட்ட பத்து நாளை ஒரே வெட்டாக வெட்டிவிட வேண்டும். 1582 பிப்ரவரி 24ஆம் தேதியிட்ட போப்பின் ஆணை அதைச் சொன்னது: அக்டோபர் 4 வியாழனுக்கு அடுத்த நாள் அக்டோபர் 15 வெள்ளி. ஸ்பெயின், போர்ச்சுகல், போலந்து, இத்தாலியின் பெரும்பகுதி எல்லாம் சொன்ன நாளிலேயே மாறிவிட்டன. ஸ்பெயினின் புகழ்பெற்ற புனிதரான அவிலா தெரேசா காலமானது அந்த அக்டோபர் 4ஆம் தேதி இரவில்தான். மறுநாள் அடக்கம், தேதி அக்டோபர் 15. அவருடைய திருநாள் இன்றும் அக்டோபர் 15.

சரி, கணக்கு சரியாகத்தானே இருக்கிறது, புராட்டஸ்டன்ட்டுகளுக்கு இதில் என்ன கஷ்டம்?

அவர்கள் இடத்தில் நின்று பார்க்க வேண்டும். அந்த ஆணையில் கையெழுத்துப் போட்டவர் யார்? 1572 ஆகஸ்டில் பாரிஸில் புனித பார்த்தலோமேயு நாளில் பிரான்ஸ் புராட்டஸ்டன்ட்டுகளை வெட்டிக் கொன்றார்கள். பாரிஸில் மட்டும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள், படுகொலை மற்ற ஊர்களுக்கும் பரவியது. அந்தச் செய்தி ரோமுக்கு வந்தபோது நன்றிப் பாடல் பாடவைத்து, அதன் நினைவாகப் பதக்கமும் அடிக்கவைத்த போப் இதே பதின்மூன்றாம் கிரகோரிதான். நடந்து பத்தே ஆண்டு. உறவுக்காரனைப் பறிகொடுத்தவன், ஊரை விட்டு ஓடிவந்தவன் எல்லாம் அப்போது உயிரோடு இருந்தான். அப்படி ஒருவரிடமிருந்து "கட்டளையிடுகிறோம்" என்ற தொனியில் ஒரு ஓலை வருகிறது, இனிமேல் உன் வீட்டுத் தேதியை நான் சொல்கிறபடி வை என்று. அதிலுள்ள கணக்கு சரியா தப்பா என்று உட்கார்ந்து போட்டுப் பார்க்கிற மனநிலை எத்தனை பேருக்கு இருக்கும்?

வேதத்திலிருந்தும் ஆதாரம் எடுத்தார்கள். தானியேல் ஏழாம் அதிகாரத்தில் கடைசிக் காலத்துக் கொடிய ராஜா ஒருவன் "காலங்களையும் பிரமாணங்களையும் மாற்ற நினைப்பான்" என்று வருகிறது. போப்தான் அந்திக்கிறிஸ்து என்று நம்பிய ஒரு லுத்தரன் போதகருக்கு இதைவிடத் தெளிவான வசனம் தேவையில்லை. உலகத்தின் முடிவு பக்கத்தில் வந்துவிட்டது என்ற நம்பிக்கையும் அப்போது பலமாக இருந்தது. கர்த்தர் சீக்கிரம் வரப்போகிறார், இன்னும் சில நூறு ஆண்டுக்கு அப்புறம் ஒரு நாள் தப்பும் என்பதற்காக இப்போது எதற்கு இந்தத் திருத்தம்? இந்த வாதத்தை நையாண்டி செய்வது சுலபம், ஆனால் அவர்கள் மனசார நம்பிச் சொன்னது அது.

மார்ட்டின் லூதரே 1539இல் இதைப் பற்றி எழுதியிருந்தார். ஈஸ்டர் கணக்கு பிசகியிருக்கிறது என்று அவருக்குத் தெரியும். கிழிந்த பழைய அங்கி போன்றது இது, இவ்வளவு நாள் அப்படியே இருந்துவிட்டது, இனியும் இருக்கட்டும் என்பது அவர் போக்கு. மாற்றுவதாக இருந்தால் அரசர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும், அது திருச்சபை கட்டளை போடும் விஷயமல்ல என்றார். முழுச் சண்டையின் சாரமும் அதில் இருக்கிறது. பத்து நாளை வெட்டலாமா என்பது கேள்வியே அல்ல. வெட்டுகிற கத்தி யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

படித்தவர்களுக்குள்ளும் பிளவு வந்தது. டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பேராசிரியராக இருந்த மிகாயேல் மேஸ்ட்லின் என்ற லுத்தரன் வானியலாளர் புதிய நாட்காட்டியை எதிர்த்து 1583இல் எழுதினார். வானியல் குறைகளையும் சொன்னார், போப்பின் அதிகாரத்தையும் மறுத்தார். கிளாவியுஸ் 1588இல் அதற்கு மறுப்பு நூல் வெளியிட்டார். இந்த மேஸ்ட்லினிடம் படித்த மாணவர்தான் யோஹான்னஸ் கெப்ளர். குரு எதிர்த்த நாட்காட்டியை சிஷ்யன் ஆதரித்தார். கெப்ளர் கடைசி வரை லுத்தரன். கத்தோலிக்க இளவரசர் ஆண்ட கிராட்ஸ் நகரில் புராட்டஸ்டன்ட் பள்ளியில் கணிதம் சொல்லிக்கொடுத்து, 1598இல் மற்ற ஆசிரியர்களோடு சேர்த்து ஊரை விட்டு அனுப்பப்பட்டவர். மதத்துக்காக அடிபட்ட அந்த மனுஷர் 1613இல் ரேகன்ஸ்பர்க்கில் கூடிய புனித ரோமப் பேரரசின் (ஜெர்மன் அரசுகள் பலவற்றையும் சேர்த்த பேரரசு) மாமன்றத்துக்குப் பேரரசர் மத்தியாஸோடு போய், இந்த நாட்காட்டியை ஏற்பது போப்பை ஏற்பதாகாது என்று வாதாடினார். யாரும் கேட்கவில்லை. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த ஆள் அவர்தான்.

நாட்காட்டி என்பது அன்று சுவரில் மாட்டிவைக்கிற தாள் அல்ல. குத்தகை கட்டுவது, வேலைக்காரன் எஜமான் மாறுவது, கடனைத் தீர்ப்பது எல்லாம் ஏதாவது ஒரு புனிதர் நாளில்தான். நவம்பர் 11, புனித மார்ட்டின் நாள் என்றால் கணக்கு முடிக்கிற நாள். பத்து நாளை வெட்டினால் வாடகை பத்து நாள் முன்னாலேயே வந்து நிற்கும், கூலி மட்டும் அதே வேகத்தில் வராது. விவசாயிகள் எந்தப் புனிதர் நாளில் எதை விதைப்பது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லடை வைத்திருந்தார்கள். ஆடிப்பட்டம் தேடி விதைக்கிறவனிடம் போய் இந்த வருஷம் ஆடி பத்து நாள் முன்னால் வந்துவிட்டது என்றால் அவன் வாயில் என்ன வரும்? அதற்கு மேல் இறைச்சி. தவக்காலத்தில் கத்தோலிக்கருக்கு இறைச்சி ஆகாது. ஒரே சந்தை, ஒரே கசாப்புக் கடைத் தெரு. ஒரு வீட்டில் ஈஸ்டர் விருந்து, பக்கத்து வீட்டில் இன்னும் பெரிய வெள்ளியே வரவில்லை. 1584இல் புதிய கணக்கில் ஈஸ்டர் ஏப்ரல் 1. பழைய கணக்கில் ஏப்ரல் 19, அதாவது புதிய தேதியில் ஏப்ரல் 29. முழுதாக நான்கு வாரம் வித்தியாசம். ஒரே தெருவில் ஒருத்தர் அல்லேலூயா பாடும்போது இன்னொருத்தர் துக்கத்தில் இருக்கிறார்.

ஆக்ஸ்பர்க்குக்கு வருவோம். அது சாதாரண ஊரல்ல. 1518இல் லூதர் போப்பின் தூதரான கர்தினால் கயேத்தான் முன் விசாரணைக்கு நின்றது இங்கேதான், அப்போது அவர் தங்கியது புனித அன்னாள் மடத்தில். 1530இல் லுத்தரன் விசுவாச அறிக்கை பேரரசரிடம் கொடுக்கப்பட்டதும் இதே ஊரில்தான். அது ஆக்ஸ்பர்க் அறிக்கை என்றே பெயர் பெற்றது. அதே நேரம் ஐரோப்பாவின் பெரும் பணக்காரக் கத்தோலிக்கக் குடும்பமான ஃபுக்கர்களின் ஊரும் இதுதான். புனித அன்னாள் கோயில் பின்னாளில் லுத்தரன் கோயிலாக மாறியது, ஆனால் அதற்குள் ஃபுக்கர் குடும்பத்தின் கல்லறைச் சிற்றாலயம் இருக்கிறது. 1525இல் இறந்த யாக்கோப் ஃபுக்கர் அங்கேதான் புதைக்கப்பட்டார். கத்தோலிக்கச் செல்வந்தரின் கல்லறை லுத்தரன் கோயிலுக்குள். ஊர் எப்படிப் பின்னிப்பிணைந்து கிடந்தது என்பதற்கு அந்தக் கட்டடம் ஒன்றே போதும்.

1555இல் செய்த ஆக்ஸ்பர்க் சமாதான உடன்படிக்கை, ஆளுகிறவன் மதமே அந்த நாட்டின் மதம் என்று பேரரசு முழுக்க ஒரு வழியைக் காட்டியது. ஆனால் இரு பிரிவினரும் ஏற்கெனவே சேர்ந்து வாழ்ந்த சுதந்திர நகரங்களில் இரண்டும் அப்படியே தொடர வேண்டும் என்றது. ஆக்ஸ்பர்க் அப்படிப்பட்ட நகரம். ஜனத்தொகையில் லுத்தரன்கள் பெரும்பான்மை. அதிகாரத்திலோ நிலைமை வேறு. 1548இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் தொழிற்குழுக்களின் ஆட்சியைக் கலைத்துவிட்டு, பழைய உயர்குடிகளிடம் நகர மன்றத்தைக் கொடுத்தார். அதில் சிறுபான்மைக் கத்தோலிக்கருக்கு எண்ணிக்கைக்கு மீறிய இடம் கிடைத்தது. நெசவாளரும் கைவினைஞரும் நிறைந்த ஊரில் தங்களுக்குப் பிரதிநிதியே இல்லை என்ற புகைச்சல் 35 ஆண்டாக உள்ளே கனன்றுகொண்டிருந்தது.

1583 தொடக்கத்தில் மன்றம் புதிய நாட்காட்டியைக் கொண்டுவர முடிவு செய்தது. மன்றத்தின் பக்கமும் நியாயம் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. சுற்றிலும் இருந்த பவேரியாவும் ஆயரின் ஆட்சிப்பகுதியும் புதிய கணக்குக்கு மாறிக்கொண்டிருந்தன. ஊருக்கு வரும் தானியமும் மாடும் அங்கிருந்துதான் வர வேண்டும். சந்தை நாள் ஒத்துப்போகாவிட்டால் ஊர் எப்படிச் சாப்பிடும்? இது மதமே அல்ல, வெறும் நிர்வாகம் என்றார்கள். மறுப்பவர்கள் பேரரசின் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். வழக்கு ஓர் ஆண்டுக்கு மேல் இழுத்து, 1584 மே மாதம் மன்றத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. தீர்ப்பு கையில் கிடைத்த தைரியத்தில்தான் மன்றம் முல்லரை வண்டியில் ஏற்றியது.

வெறும் நிர்வாகம் என்று மன்றம் சொன்னதை ஜனம் ஏன் நம்பவில்லை? இன்றைக்குத் திருநாள் தேதியை மன்றம் தீர்மானிக்கட்டும் என்று விட்டால், நாளைக்குப் போதகரை யார் நியமிப்பது என்பதையும் அதுவே தீர்மானிக்கும் என்று பயந்தார்கள். அந்தப் பயம் கற்பனை அல்ல. முல்லர் தப்பி ஊரை விட்டுப் போன பிறகு சண்டை சரியாக அந்தக் கேள்விக்குத்தான் வந்து நின்றது: லுத்தரன் சபைக்குப் போதகரை அழைக்கும் உரிமை சபைக்கா, கத்தோலிக்கர் கை ஓங்கிய மன்றத்துக்கா? அது 1591 வரை ஓடியது. முல்லர் விட்டன்பர்க்கிலும் பிறகு யேனாவிலும் பேராசிரியராக வாழ்ந்தார்.

இதே காட்சி பால்டிக் கடலோரத்தில் ரீகாவிலும் நடந்தது. லுத்தரன் ஊர், ஆனால் சற்று முன்புதான் கத்தோலிக்கப் போலந்து மன்னர் ஸ்டீஃபன் பாத்தோரியின் கீழ் வந்திருந்தது. இயேசு சபையாருக்கு ஊரில் ஒரு கோயிலையும் கொடுத்திருந்தார். 1584 கிறிஸ்துமஸைப் புதிய கணக்கில் கொண்டாடச் சொன்னதும் கலகம் வெடித்தது. இங்கேயும் காவலில் வைத்த பள்ளித் தலைவரைக் கூட்டம் மீட்டது. கலகம் ஐந்து ஆண்டு புகைந்து, 1589இல் தலைவர்களின் தலை வெட்டப்பட்டதில் முடிந்தது.

அப்படியானால் புராட்டஸ்டன்ட் என்றாலே எதிர்ப்பு என்று நினைத்துவிட வேண்டாம். கால்வினியர்கள் (ஜான் கால்வின் வழி வந்த புராட்டஸ்டன்ட்டுகள்) ஆண்ட, நெதர்லாந்தின் ஹாலந்தும் சீலாந்தும் ஸ்பெயின் மன்னரோடு உயிரைக் கொடுத்துப் போராடிக்கொண்டிருந்த மாகாணங்கள். அவை 1582 முடிவதற்கும் 1583 பிறப்பதற்கும் இடையிலேயே புதிய நாட்காட்டிக்கு மாறிவிட்டன. காரணம் எளிது. அப்போது அவர்கள் துணைக்கு அழைத்து வைத்திருந்த பிரெஞ்சு இளவரசர் அன்ஜூ கோமகன் கத்தோலிக்கர், தெற்கு மாகாணங்களையும் பிரிந்துபோகாமல் பிடித்துவைக்க வேண்டும். தாங்களே கூடித் தாங்களே முடிவெடுத்தார்கள், யாரும் திணிக்கவில்லை. அதே நாட்டில் உட்ரெக்ட், கெல்டர்லாந்து போன்ற மாகாணங்கள் 1700 வரை பழைய தேதியிலேயே இருந்தன. ஆம்ஸ்டர்டாமில் காலையில் படகேறி உட்ரெக்டில் இறங்கினால் பத்து நாள் பின்னால் போய்விடலாம்.

இங்கிலாந்தும் கிட்டத்தட்ட மாறியிருக்கும். எலிசபெத் ராணியின் கணித அறிஞர் ஜான் டீ 1583இல் கணக்கைப் பார்த்து, திருத்தம் வேண்டும் என்று அறிக்கை கொடுத்தார், அமைச்சர்களும் தலையாட்டினார்கள். தடுத்தது கேன்டர்பரி பேராயர் கிரிண்டலும் ஆயர்களும். ரோமின் ஆயர் அந்திக்கிறிஸ்து என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவரோடு ஒத்துப்போவது எப்படி என்றார்கள். அந்த ஒரு தயக்கத்துக்கு விலை 170 ஆண்டு.

இதன் விளைவாக ஐரோப்பா ஒன்றரை நூற்றாண்டு இரட்டைத் தேதியில் வாழ்ந்தது. கடிதத்தின் தலையில் பின்ன எண் மாதிரி மேலும் கீழுமாக இரண்டு தேதி எழுதுவார்கள். முப்பதாண்டுப் போரை முடித்த வெஸ்ட்ஃபாலியா உடன்படிக்கையில், புராட்டஸ்டன்ட் தரப்போடு ஓஸ்னாப்ரூக்கில் செய்த ஒப்பந்தத்தின் தேதியே 14/24 அக்டோபர் 1648. சமாதானத்தில் கையெழுத்திடும்போதும் இன்று என்ன தேதி என்பதில் சமாதானம் வரவில்லை. ஸ்வீடன் அரசர் குஸ்தாவ் அடால்ஃப் லுட்சன் போர்க்களத்தில் விழுந்தது புதிய கணக்கில் 1632 நவம்பர் 16, ஸ்வீடன் இன்றும் அவரை நினைவுகூர்வது பழைய கணக்கின் நவம்பர் 6இல்.

நம் கரையிலும் இது நடந்தது. பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரி கிரகோரி கணக்கில், ஆங்கிலேயரின் சென்னைக் கோட்டை பழைய கணக்கில். தரங்கம்பாடியில் இருந்த டேனியர்கள் லுத்தரன்கள், அவர்கள் நாடு 1700இல்தான் மாறியது. 1746இல் பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடித்தபோது ஆங்கிலேயர் சரணடைந்தது அவர்கள் கணக்கில் செப்டம்பர் 10, பிடித்தவர்கள் கணக்கில் செப்டம்பர் 21. அந்த நாட்களைத் தமிழ் மாதக் கணக்கிலும் குறித்துவைத்த ஆனந்தரங்கப் பிள்ளைக்கு அது அட்சய ஆண்டு புரட்டாசி மாதம். ஒரே தோல்விக்கு மூன்று தேதி.

முடிச்சு அவிழ்ந்தது எப்படி? 1700 நெருங்கியபோது ஒரு நெருக்கடி வந்தது. பழைய கணக்கில் 1700 லீப் ஆண்டு, புதியதில் இல்லை. இடைவெளி பத்திலிருந்து பதினொன்றாகப் போகிறது. யேனாவின் கணிதப் பேராசிரியர் எர்ஹார்ட் வைகல் ஊர் ஊராக அலைந்து இதைப் பேசினார். ஜெர்மனியின் புராட்டஸ்டன்ட் அரசுகள் 1699இல் ரேகன்ஸ்பர்க்கில் கூடி முடிவெடுத்தன: 1700 பிப்ரவரி 18க்கு அடுத்த நாள் மார்ச் 1. ஆனால் அதற்கு கிரகோரி நாட்காட்டி என்று பெயர் வைக்கவில்லை. "மேம்படுத்திய நாட்காட்டி" என்றார்கள். ஈஸ்டரையும் போப்பின் அட்டவணைப்படி கணக்கிட மாட்டோம், கெப்ளரின் வானியல் அட்டவணைகளைக் கொண்டு நாங்களே நேராக வானத்திலிருந்து கணக்கிடுவோம் என்றார்கள். நூறு ஆண்டுக்கு முன்னால் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கெஞ்சின அதே கெப்ளர். 1700இல் பெர்லினில் தத்துவ அறிஞர் லைப்னிட்ஸ் முயற்சியால் தொடங்கிய அறிவியல் கழகத்துக்கு நாட்காட்டி விற்கும் ஏகபோக உரிமையைக் கொடுத்தார்கள். அதில் வந்த காசில்தான் கழகம் ஓடியது.

இந்த மாற்று ஈஸ்டர் கணக்கு பெரும்பாலான ஆண்டுகளில் போப்பின் கணக்கோடு ஒத்துப்போனது. 1724இல் போகவில்லை. அந்த ஆண்டு புராட்டஸ்டன்ட் ஈஸ்டர் ஏப்ரல் 9, கத்தோலிக்க ஈஸ்டர் ஏப்ரல் 16. லைப்சிக் நகரில் இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக் தன் யோவான் நற்செய்திப் பாடுகளின் இசையை முதன்முதலாக நிகழ்த்தியது 1724 ஏப்ரல் 7, பெரிய வெள்ளியன்று. அது லுத்தரன்களின் பெரிய வெள்ளி. அந்த நாட்டை ஆண்ட இளவரசரோ போலந்து அரசராவதற்காக 1697இலேயே கத்தோலிக்கராக மாறியவர். அவருடைய சபைக்கு அன்று பெரிய வெள்ளி வரவில்லை, இன்னும் ஒரு வாரம் இருந்தது. 1744இல் மறுபடியும் இதே பிசகு வந்தது. பிரஷ்யாவின் இரண்டாம் ஃபிரடெரிக் தலையிட்டு, 1776இல் பேரரசு முழுதும் ஒரே ஈஸ்டர் கணக்குக்கு வந்தது. அதற்கும் பெயர் "பேரரசு நாட்காட்டி".

ஸ்வீடனின் பாடு தனி. ஒரேயடியாக வெட்டாமல், 1700 முதல் 40 ஆண்டு லீப் நாட்களை ஒவ்வொன்றாக விட்டுவிட்டு மெதுவாக மாறலாம் என்று திட்டம். 1700இல் ஒரு நாளை விட்டார்கள். அப்புறம் ரஷ்யாவோடு பெரும் போர், 1704இலும் 1708இலும் விட மறந்துவிட்டார்கள். பழைய கணக்கோடும் ஒட்டாமல், புதியதோடும் ஒட்டாமல் ஸ்வீடன் தனியாக ஒரு தேதியில் நின்றது. கடைசியில் 1712இல் பழையதற்கே திரும்ப, அந்த ஆண்டு பிப்ரவரிக்கு 30 நாள். பிறகு 1753இல் முழுதாக மாறினார்கள்.

இங்கிலாந்து 1752இல் செப்டம்பர் 2 புதன்கிழமைக்கு அடுத்த நாளை செப்டம்பர் 14 வியாழன் ஆக்கியது. சட்டம் ராஜ்ஜியத்தின் மற்ற இடங்களுக்கும் சேர்த்துத்தான். சென்னைக் கோட்டையும் புதுச்சேரியும் ஒரு வழியாக ஒரே தேதிக்கு வந்தன. அப்போது "எங்கள் பதினொரு நாளைத் திருப்பிக் கொடு" என்று ஜனம் கலகம் செய்ததாக அடிக்கடி எழுதுகிறார்கள். அந்த வாசகம் ஓவியர் ஹோகார்த் 1750களில் வரைந்த ஒரு தேர்தல் காட்சியில் கீழே கிடக்கும் பதாகையில் இருக்கிறது. கலகம் நடந்ததற்குச் சான்று இல்லை. உண்மையான கலகங்களான ஆக்ஸ்பர்க்கையும் ரீகாவையும் மறந்துவிட்டு, நடக்காத ஒன்றை நினைவில் வைத்திருக்கிறோம் என்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

சுவிட்சர்லாந்தில் அப்பன்செல் என்ற மலைப்பகுதி மதச் சண்டையால் 1597இல் இரண்டாகப் பிரிந்தது. கத்தோலிக்கப் பாதி புதிய கணக்கில் இருந்தது. புராட்டஸ்டன்ட் பாதி 1798 வரை பழைய நாட்காட்டியை விடவில்லை. அந்தப் புராட்டஸ்டன்ட் பாதியில் ஊர்னெஷ் என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஆண்டுக் கடைசி நாளை டிசம்பர் 31இல் ஒரு முறை கொண்டாடிவிட்டு, ஜனவரி 13இல் "பழைய ஆண்டுக் கடைசி நாள்" என்று மறுபடியும் கொண்டாடுகிறார்கள். விடியற்காலை இருட்டில், பனியில், முகமூடி போட்ட ஆண்கள் மார்பிலும் முதுகிலும் கனமான மணிகளைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் வட்டமாக நின்று வார்த்தை இல்லாத பாட்டு ஒன்றைப் பாடுகிறார்கள். வீட்டுக்காரர் வெளியே வந்து கை குலுக்கி, குடிக்க ஏதாவது கொடுத்து, புது வருஷ வாழ்த்துச் சொல்லி அனுப்புகிறார். ஊருக்கு அது புத்தாண்டுக்கு முந்தைய நாள், தேதி ஜனவரி 13.